வம்ச அட்டவணையைத் தாண்டிப் போகாமல் வாசிக்க ஒரு வழி

எங்கள் பக்கத்தில் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால் வேதத்தை வரிசையாகத்தான் வாசிப்பார்கள். ராத்திரிக்கு ஒரு அதிகாரம். ஆதியாகமம் சுகமாகப் போகும், யாத்திராகமம் பாதி வரைக்கும் போகும். எண்ணாகமத்தில் தொண்டை அடைக்கும். 1 நாளாகமம் வந்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் மெதுவாக, "இது பூராவும் பேருதானே, பத்தாம் அதிகாரத்துக்குப் போயிருவோமா?" என்பார். பெரியவர்களும் தலையை ஆட்டிவிடுவார்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்து ஊர்க்காரி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையில் பெண்களுக்கான வேதபாட வகுப்பை நடத்துகிறேன். பீடி சுற்றுகிறவர்கள், நர்ஸ் வேலையில் இருந்தவர்கள், எட்டாம் வகுப்போடு நின்றவர்கள், எம்.ஏ. படித்தவர்கள் எல்லாரும் ஒரே பாயில் உட்காருகிற வகுப்பு. அந்த வகுப்பில் நான் மிகவும் விரும்பி எடுக்கிற பாடம் இந்தப் பெயர்ப் பட்டியல்கள்தான். கர்த்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். காப்பாற்றினாரா என்று பெயர் பெயராகச் சரிபார்க்க முடிகிற இடம் வேதத்தில் இதுதான். அதை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். வீட்டில் தனியாகவும் செய்யலாம், நாலு பேர் கூடியும் செய்யலாம்.

வேண்டியது அதிகமில்லை. ஒரு நீள நோட்டு, பென்சில், ஒத்த வசனங்களைக் குறித்துக் காட்டும் ரெஃபரன்ஸ் பைபிள். ரெஃபரன்ஸ் பைபிள் இல்லாதவர்கள் போனில் இருக்கிற பைபிள் ஆப்பில் பெயரை அடித்துத் தேடிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம். நம் தமிழ் வேதாகமத்தில் ஒரே ஆளின் பெயர் புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறி வரும். மத்தேயுவில் சொரொபாபேல் என்று இருப்பவர் ஆகாயில் செருபாபேல். மத்தேயுவின் எகொனியா எரேமியாவில் கோனியா, 2 இராஜாக்களில் யோயாக்கீன். ஒரு எழுத்து மாறியதால் தேடல் வெறுங்கையாக வந்தால் விட்டுவிடாதீர்கள். அப்பா பெயரை வைத்துத் தேடுங்கள், கிடைக்கும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? நாளாகமத்தில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். ஒன்பது அதிகாரம் தொடர்ந்து பெயராக வருகிற இடத்தில் போய் நின்றால் யாருக்கும் மூச்சு முட்டும். நான் எப்போதும் இஸ்மவேலில் ஆரம்பிக்கிறேன். முதலில் ஆதியாகமம் 17:20 வாசியுங்கள். ஆபிரகாமிடம் கர்த்தர், சாராளின் மகன் ஈசாக்கோடுதான் என் உடன்படிக்கை என்று சொல்லிவிட்டு, வேலைக்காரி ஆகாரிடம் பிறந்த இஸ்மவேலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுகிறார்: "அவன் பன்னிரண்டு பிரபுக்களைப் பெறுவான்." நோட்டின் இடது பக்கத்தில் இந்த ஒரு வரியை எழுதுங்கள். வலது பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, எதிரே இடம் விடுங்கள். அடுத்து 21ஆம் அதிகாரம். ஆகார் பிள்ளையோடு அனுப்பப்படுகிறாள், தோல்துருத்தியில் தண்ணீர் தீர்ந்துபோகிறது, பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, அது சாகிறதைப் பார்க்கமாட்டேன் என்று தூரத்தில் போய் உட்காருகிறாள். இந்த இடத்தில் நோட்டைப் பார்க்கச் சொல்லுவேன். பன்னிரண்டு வெற்றிடம். பிள்ளையோ செடிக்கடியில் கிடக்கிறான்.

அப்புறம் 25ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். ஒருவர் பெயரைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் எழுதவேண்டும். நெபாயோத், கேதார், அத்பியேல், மிப்சாம், மிஷ்மா, தூமா, மாசா, ஆதார், தேமா, யெத்தூர், நாபீஸ், கேத்மா. கேத்மாவை எழுதி முடிக்கும்போது பன்னிரண்டாவது இடமும் நிறைந்திருக்கும். எங்கள் வகுப்பில் முதல் தடவை இதைச் செய்தபோது, எப்போதும் வாயே திறக்காத ஒரு மதினி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எக்கா, உடன்படிக்கையில சேராத பிள்ளைக்குங்கூட எண்ணிக்கை குறையாமக் குடுத்திருக்காரே" என்றார்கள். அந்த மதினி சொன்னதற்கு மேல் அன்றைக்கு நான் எதுவும் விளக்கவில்லை.

இதுதான் முறையின் அடிப்படை. பட்டியலுக்கு முன்னால் சொல்லப்பட்ட வாக்குத்தத்தம் எது என்று தேடுங்கள். அதை எழுதி வைத்துக்கொண்டு பட்டியலுக்குள் போங்கள். ஆதியாகமம் 46இல் எகிப்துக்குப் போன யாக்கோபின் வீட்டார் 70 பேர். எண்ணாகமம் முதல் அதிகாரத்தில் யுத்தத்துக்குப் புறப்படத்தக்க ஆண்கள் மட்டுமே 6,03,550. நடுவில் அடிமைத்தனமும், ஆண்பிள்ளைகளை நதியில் போடும்படி பார்வோன் போட்ட கட்டளையும் இருக்கின்றன. "உன் சந்ததியைப் பெருகப்பண்ணுவேன்" என்ற சொல்லை இடது பக்கத்தில் எழுதி, இந்த இரண்டு எண்களையும் வலது பக்கத்தில் எழுதுங்கள். எண்ணாகமம் 26இல் மறுபடியும் கணக்கெடுத்தபோது 6,01,730. நாற்பது வருஷ வனாந்தரத்தில் முதல் கணக்கில் எழுதப்பட்ட தலைமுறை காலேபையும் யோசுவாவையும் தவிர முழுவதும் போய்விட்டது. அது அவர் சொன்ன தண்டனை. ஆனாலும் ஜனத்தொகை கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. அது அவர் கொடுத்த வாக்கு. இரண்டும் ஒரே அதிகாரத்தில் நிறைவேறியிருப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், அடுத்த வருஷம் எண்ணாகமம் வரும்போது தாண்டிப் போகமாட்டார்கள்.

இரண்டாவது பழக்கம், பட்டியலின் நடை எங்கே மாறுகிறது என்று பார்ப்பது. இதற்கு ஆதியாகமம் 5 நல்ல அதிகாரம். இரண்டு பேர் மாறி மாறி வாசியுங்கள். ஒவ்வொருவரைப் பற்றிய பகுதியும் "மரித்தான்" என்று முடியும்போது மற்றவர்கள் நோட்டில் ஒரு கோடு போடட்டும். ஆதாம், சேத், ஏனோஸ் என்று கோடு விழுந்துகொண்டே வரும். ஏனோக்கில் கோடு விழாது. 365 வருஷம், தேவனோடு சஞ்சரித்தான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார். பிறகு 969 வருஷம் வாழ்ந்த மெத்தூசலா, மறுபடியும் கோடு. அவன் மகன் லாமேக்கு தன் பிள்ளைக்கு நோவா என்று பெயர் வைக்கும்போது, கர்த்தர் சபித்த பூமியில் நம்முடைய பிரயாசத்தில் இவன் நம்மைத் தேற்றுவான் என்கிறான். பட்டியலுக்குள் ஒரு தகப்பன் வாய்திறந்து பேசுகிற இடம் அது. சாவு வரிசையாக வந்துகொண்டிருக்கிறது, அவனோ ஆறுதலுக்காகக் காத்திருக்கிறான். ஆதாமுக்குச் சொன்ன சாவும் நடக்கிறது, சந்ததியைப் பற்றிச் சொன்ன நம்பிக்கையும் அறுந்துபோகாமல் வருகிறது.

நடை மாறுகிற இடங்களிலெல்லாம் எனக்கு மிகவும் நெருக்கமானது ஆதியாகமம் 11:30. சேமில் ஆரம்பித்து பெற்றான், பெற்றான் என்று வந்த பட்டியல், தேராகுவின் வீட்டுக்குள் நுழைந்ததும் தடுக்கி நிற்கிறது. "சாராய்க்குப் பிள்ளையில்லை." அவ்வளவுதான். அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் கர்த்தர் ஆபிராமைக் கூப்பிட்டு, உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன் என்கிறார். எங்கே பட்டியல் நின்றதோ அந்த வீட்டையே தேடிப் போய்ப் பேசுகிறார்.

வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊரில் கல்யாண வீடு, சடங்கு வீடு எதுவானாலும் "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்பதுதான் முதல் கேள்வி. அப்படிப்பட்ட பெண்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். பெற்றான், பெற்றான் என்று ஒரு மணி நேரம் வாசிப்பது அவர்களுக்கு லேசான காரியம் இல்லை. சாராளுக்குக் கொடுத்தார், உனக்கும் கொடுப்பார் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அது சாராளுக்குக் கொடுத்த வாக்கு. ஏசாயா 56:3 முதல் 5 வரை வாசிக்கக் கொடுங்கள். தன்னைப் பட்டமரம் என்று நினைக்கிற மனிதனிடம் கர்த்தர், குமாரர் குமாரத்திகளால் வரும் கீர்த்தியைவிட மேலான ஒன்றை, என்றும் அழியாத நித்திய நாமத்தை, என் வீட்டிலே தருவேன் என்கிறார். என் பெயர் எந்த வம்ச வரிசையிலும் தொடரப்போவதில்லை. இந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் வம்ச வரிசைகளைக் கற்றுக்கொடுக்கிறேன், மனநிறைவோடு கற்றுக்கொடுக்கிறேன்.

மூன்றாவதாக, ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அது எதுவரைக்கும் போகிறது என்று பின்தொடருங்கள். இதற்கு நேரம் பிடிக்கும். ஒரு வகுப்பு முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள். நான் கொடுக்கும் பெயர் கோராகு.

எண்ணாகமம் 16 உங்களுக்குத் தெரியும். லேவியனான கோராகு, ஆசாரிய ஊழியம் ஆரோனுக்கு மட்டும்தானா என்று கூட்டம் சேர்த்துக்கொண்டு மோசேக்கு எதிராக எழும்பினான். பூமி வாயைத் திறந்தது. தூபம் காட்டிய 250 பேரை அக்கினி பட்சித்தது. ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை இத்தோடு முடித்துவிடுவோம். பத்து அதிகாரம் தள்ளி, எண்ணாகமம் 26இன் குடிக்கணக்குக்கு நடுவே, யாரும் கவனிக்காத ஒரு சின்ன வசனம் இருக்கிறது. 11ஆம் வசனம். கோராகின் குமாரர் சாகவில்லை. அந்த வசனத்தின் கீழே கோடு போடச் சொல்லுங்கள். பிறகு 1 நாளாகமம் 6:33க்குப் போங்கள்.

அங்கே தாவீது கர்த்தருடைய ஆலயத்தில் சங்கீத சேவைக்கு ஏற்படுத்தினவர்களின் பெயர்கள் வருகின்றன. முதல் ஆள் ஏமான் என்னும் பாடகன். இந்தப் பட்டியல் கீழிருந்து மேலே ஏறும், அதாவது மகனிடமிருந்து தகப்பனுக்குப் போகும். ஏமானின் தகப்பன் யோவேல். யோவேலின் தகப்பன் சாமுவேல். நம் சாமுவேல்தான், அன்னாள் அழுது பெற்ற பிள்ளை. இன்னும் ஏறிப் போங்கள். 37ஆம் வசனத்தின் கடைசியில் கோராகு நிற்கிறான்.

இதைப் பலகையில் மேலிருந்து கீழாக எழுதிப் போடுங்கள். கலகம் பண்ணின கோராகு. சாகாமல் விடப்பட்ட குமாரர். பல தலைமுறைக்குப் பின் தீர்க்கதரிசி சாமுவேல். அவன் மகன் யோவேலோ 1 சாமுவேல் 8இல் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கி நியாயத்தைப் புரட்டினவன். அந்த யோவேலின் மகன்தான் ஆலயப் பாடகன் ஏமான். நல்லவன் பிள்ளை நல்லவன், கெட்டவன் பிள்ளை கெட்டவன் என்று நம் ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிற கணக்கு இந்த வரிசையில் ஒரு இடத்திலும் செல்லாது. கர்த்தர் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக இரக்கம் காட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

இதோடு நிறுத்தாமல் 1 நாளாகமம் 9:19 வாசியுங்கள். கோராகியர் ஆலய வாசலைக் காக்கும் வேலையில் இருந்தார்கள். இப்போது சங்கீதம் 84ஐத் திறந்து தலைப்பைப் பாருங்கள், கோராகின் புத்திரரின் சங்கீதம். பத்தாம் வசனத்தை எல்லாரும் சேர்ந்து வாசிக்கட்டும்: "ஆகாமியக் கூடாரங்களில் வாசமாயிருப்பதைப்பார்க்கிலும், என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுவேன்." ஆசாரியனாகவே வேண்டும் என்று கூடாரத்துக்கு முன்னால் தூபகலசத்தோடு வந்து நின்றவனின் சந்ததியார், வாசற்படி போதும் என்று பாடுகிறார்கள். 42ஆம் சங்கீதத்தின் மான், 46ஆம் சங்கீதத்தின் "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" எல்லாம் இவர்கள் பெயரில் வருகிற பாட்டுகள்தான். நம் சபைகளில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று 46ஆம் சங்கீதத்தை வாசிக்காத உபதேசியார் இருப்பாரா? எண்ணாகமம் 26:11 என்ற ஒரு வரி இல்லாவிட்டால், இந்தப் பாட்டுகளைப் பாடின வம்சம் எப்படித் தப்பியது என்பது தெரியாமலே போயிருக்கும்.

அடுத்து, வரிசை அறுந்துபோகப் பார்த்த இடங்கள். தாவீதிடம் கர்த்தர் சொன்னது 2 சாமுவேல் 7:16இல் இருக்கிறது. உன் வீடும் உன் ராஜ்யமும் என்றென்றைக்கும் ஸ்திரப்பட்டிருக்கும். நோட்டின் இடது பக்கத்தில் இது. வலது பக்கத்தில் 1 நாளாகமம் 3ஐ எழுதிக்கொண்டே வாருங்கள். 11ஆம் வசனத்தில் யோராம், அகசியா, யோவாஸ் என்று மூன்று பெயர்களும் அடுத்தடுத்து இருக்கும். வாசிக்க இரண்டு விநாடிகூட ஆகாது. அகசியாவுக்கும் யோவாசுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 2 இராஜாக்கள் 11 என்று குறியுங்கள். அகசியா செத்ததும் அவன் தாய் அத்தாலியாள் ராஜவம்சத்தார் எல்லாரையும் சங்காரம் பண்ணினாள். அகசியாவின் சகோதரி யோசேபாள் ஒரே ஒரு குழந்தையைத் தாதியோடு தூக்கிக்கொண்டு போய் ஒளித்துவைத்தாள். ஆறு வருஷம் அந்தக் குழந்தை கர்த்தருடைய ஆலயத்தில் ஒளிந்திருந்தது. தாவீதுக்குக் கொடுத்த நித்திய வாக்குத்தத்தம் முழுவதும் அந்த ஆறு வருஷம் ஒரு பெண்ணின் துணிச்சலையும், பெயர்கூட எழுதப்படாத ஒரு தாதியின் கைகளையும் நம்பியிருந்தது. பட்டியலில் இது எதுவும் தெரியாது. அதனால்தான் பட்டியலையும் சரித்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுகிறேன்.

அதே அதிகாரத்தின் 17ஆம் வசனத்தில் இன்னொரு நெருக்கடி இருக்கிறது. எகொனியா கட்டுண்டவன், அதாவது சிறைப்பட்டவன். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குக் கொண்டுபோன ராஜா இவன். எரேமியா 22:24இல் கர்த்தர், இவன் என் வலதுகையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்கிறார். 30ஆம் வசனத்தில் இவனைச் சந்தானமற்றவன் என்று எழுதச் சொல்லுகிறார், இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் வீற்றிருக்கப்போவதில்லை என்கிறார். கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பாபிலோனில் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. அதில் ஒரு பலகை கி.மு. 592ஐச் சேர்ந்தது. எதிரியின் பண்டசாலைக் கணக்கிலேயே தாவீதின் வீடு உயிரோடு இருந்ததற்குச் சாட்சி! பிறகு கி.மு. 520இல் ஆகாய் தீர்க்கதரிசி எகொனியாவின் பேரன் செருபாபேலைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று கர்த்தர் சொன்னதை அறிவிக்கிறார். ஆகாய் 2:23. தாத்தாவைக் கழற்றி எறிந்த கை பேரனை எடுத்து அணிந்துகொள்ளுகிறது. செருபாபேலும் ராஜாவாகவில்லை, தேசாதிபதியாகத்தான் இருந்தான். தண்டனை ரத்தாகவில்லை, வாக்குத்தத்தமும் ரத்தாகவில்லை.

இத்தனையும் முடித்த பிறகு மத்தேயு 1க்கு வாருங்கள். அதுவரை வேண்டாம். நேராக மத்தேயுவுக்கு வந்தவர்களுக்கு அது ஒரு முன்னுரை மாதிரிப் போய்விடுகிறது. வரிசையாக வந்தவர்களோ ஒவ்வொரு பெயரிலும் நின்று நின்றுதான் நகருவார்கள்.

மத்தேயுவில் பெண்களை எல்லாப் போதகர்களும் சொல்லுவார்கள். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. நான் அதோடு நம் ஊர்க் கதை ஒன்றையும் சேர்ப்பேன். பாளையங்கோட்டையில் 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். திருநெல்வேலிச் சபையின் ஆரம்பம் என்று நாம் சொல்லுவது அதைத்தான். அந்தச் சபைக்குக் காரணமாக இருந்தவர் குளோரிந்தாள் என்னும் மராத்திய பிராமண விதவை. ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு திருமணமில்லாமல் வாழ்ந்ததால் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல் கொடுத்தார். அந்த அம்மாள் முன்நின்று கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டையானது, இன்றும் பாளையங்கோட்டையில் நிற்கிறது. 1799இல் முதலூர், அப்புறம் மெஞ்ஞானபுரம், இடையன்குடி என்று நாம் பெருமையாகச் சொல்லுகிற ஊர்களுக்கெல்லாம் முந்தின பக்கத்தில் அந்த அம்மாளின் பெயர் இருக்கிறது. நம் சபை வரலாற்றின் முதல் தாள் மத்தேயுவின் முதல் தாளைப் போலவே ஆரம்பிக்கிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஆனால் மத்தேயுவில் எனக்குப் பிடித்த இடம் பெண்கள் வருகிற பகுதி இல்லை. 13ஆம் வசனத்திலிருந்து 15 வரை. அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு. இவர்களைப் பற்றி வேதத்தில் வேறு எங்கும் ஒரு வார்த்தை கிடையாது. கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம். பாரசீகர் ஆண்டார்கள், கிரேக்கர் ஆண்டார்கள், ரோமர் வந்தார்கள். தாவீதின் சிங்காசனம் காலியாகவே கிடந்தது. தீர்க்கதரிசியின் குரலும் ஓய்ந்துபோனது. இவர்களுக்கு ஒரு தரிசனமோ அற்புதமோ கிடைத்ததாக எழுதப்படவில்லை. பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பெயரை மறக்காமல் அடுத்தவருக்குச் சொன்னார்கள். வகுப்பில் இந்த ஒன்பது பெயர்களையும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லுவேன். நம்மில் பெரும்பாலோருடைய வாழ்க்கை ஆசோரையும் ஆகீமையும் போலத்தான் இருக்கிறது. கர்த்தர் அவர்கள் காலத்தில் பேசாமல் இருந்தார், ஆனால் விட்டுவிடவில்லை.

மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பெயர்கள் ஏன் மாறுகின்றன என்று கட்டாயம் கேட்பார்கள். மத்தேயு சாலொமோன் வழியாக வருகிறார், லூக்கா தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாக வருகிறார். ஒன்று யோசேப்பின் வழி, மற்றது மரியாளின் வழி என்று சிலர் சொல்லுகிறார்கள். இறந்தவனின் மனைவியைச் சகோதரன் விவாகம் பண்ணும் நியாயப்பிரமாணப்படி ஒருவனுக்கு இரண்டு தகப்பன்மார் கணக்கில் வருவார்கள் என்று பழைய சபைப் பிதாக்கள் காலத்திலேயே விளக்கியிருக்கிறார்கள். மத்தேயு யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே மூன்று ராஜாக்களை விட்டிருப்பதும் உண்மை. பதினாலு பதினாலாக மூன்று பகுதி என்று அவரே 17ஆம் வசனத்தில் சொல்லுகிறார், அந்த அமைப்புக்காக விட்டிருக்கிறார். இதற்குக் கால்மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றுக்கு எவ்வளவு நேரமானாலும் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் வம்சம் என்ற பேச்சு வந்தாலே சாதியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நாலு தலைமுறைக் கிறிஸ்தவர்கள், இன்ன குடும்பம், இன்ன தெரு, பெண் எடுக்கவும் கொடுக்கவும் இன்ன இடத்தில்தான் என்று ஆலயத்துக்குள்ளேயே பேசுகிறோம். வேதத்தின் வம்ச அட்டவணையை அதற்குத் துணைக்கு அழைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு 1 நாளாகமம் 2:34ஐக் காட்டுங்கள். யூதா கோத்திரத்துச் சேசானுக்குப் பெண்பிள்ளைகள் மட்டுமே, மகன் இல்லை. வீட்டில் யர்கா என்று ஒரு எகிப்திய வேலைக்காரன் இருந்தான். சேசான் தன் மகளை அவனுக்குக் கொடுத்தான். அதற்குப் பிறகு அத்தாயி தொடங்கி எலிஷாமா வரை பதின்மூன்று தலைமுறைப் பெயர்கள் வருகின்றன, எல்லாம் யூதாவின் அட்டவணைக்குள்ளேயே. அந்நிய நாட்டு அடிமையின் பேரப்பிள்ளைகளை எழுதியவர் வெட்கப்படவுமில்லை, மறைக்கவுமில்லை. நம் கல்யாண ஓலையில் அந்தத் தைரியம் இருக்கிறதா? ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன் என்று சொல்ல நினையாதிருங்கள் என்று யோவான்ஸ்நானன் சொன்னதும், முடிவில்லாத வம்சவரலாறுகளைக் கவனியாதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினதும் நமக்குத்தான்.

இந்த எச்சரிக்கையோடு உங்கள் சொந்தக் குடும்பத்தின் அட்டவணையையும் எழுதுங்கள். வீட்டில் பழைய பைபிள் இருந்தால் முன் தாளைப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பைபிளில் தாத்தா காலத்து மையில் ஒரே பெயர் மூன்று தடவை எழுதியிருக்கிறது. முதல் இரண்டுக்கும் எதிரே சின்னதாகச் சிலுவை. பிறந்து இறந்த பிள்ளைகளின் பெயரையே அடுத்த பிள்ளைக்கும் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பிழைத்தது, அது என் அப்பா. பைபிள் கிடைக்காவிட்டால் சேகர குருவானவரிடம் கேட்டு ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகளைப் பார்க்கலாம். கல்லறைத் தோட்டத்துக் கற்களையும் பாருங்கள். வயதான ஆச்சிமாரிடம் இன்றைக்கே போய்க் கேளுங்கள். முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர் யார், 1876–78 தாது வருஷப் பஞ்சத்தை எப்படித் தாண்டினார்கள், கொழும்புக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் யார் என்று கேளுங்கள். யோசேபாளைப் போல உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றை யார் தூக்கிக் காப்பாற்றினார்கள் என்றும் கேளுங்கள். பனையேறின தாத்தாவை "விவசாயி" என்று மாற்றி எழுதாதீர்கள். குடித்து அழிந்த சித்தப்பாவையும் விடாமல் எழுதுங்கள். 1 நாளாகமம் 3 அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வகுப்பாக நடத்துகிறவர்கள் இந்த வரிசையில் போனால் சுலபம்: ஆதியாகமம் 25, பிறகு 5, 11, அப்புறம் எண்ணாகமம் 26, ரூத் 4, 1 நாளாகமம் 6, 3, 2, பிறகு எஸ்றா 2, கடைசியில் மத்தேயு. எஸ்றா 2ஐ விட்டுவிடாதீர்கள். குடும்ப அட்டவணை எழுதச் சொன்னவுடன், அப்பா பெயருக்கு மேல் ஒன்றும் தெரியாதவர்கள், அப்பா பெயரே தெரியாமல் விடுதியில் வளர்ந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்ளுவார்கள். எஸ்றா 2:59, 60இல் தெலாயா, தொபியா, நெகோதா என்பவர்களின் புத்திரர் வருகிறார்கள். தங்கள் பிதாக்களின் வம்சம் இதுதான் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புறப்பட்டார்கள், 652 பேர் என்று எண்ணி அந்தப் பட்டியலிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு வசனங்களையும் வகுப்பில் அப்படிப்பட்டவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அவருடைய நோட்டில் முதல் வரியில் அவர் பெயரையே எழுதிக்கொள்ளட்டும்.